வீடு திரும்பிய இசை

கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றி மாணவர்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு சொற்றொடர் அடிக்கடி நம் காதில் விழும். சில மாதங்களாக ஓட்டம் எடுக்க இயலாமல் தடுமாறிய ஆட்டக்காரர் ஒருவர், ஒரு நாள் நூறு ஓட்டம் எடுத்துவிட்டால், 'மறுபடியும் ஃபார்முக்கு வந்துவிட்டார்' என்று மகிழ்வார்கள். இசையுலகத்திலும் இந்தப் பாராட்டு வழங்கி வருகிறது. மேல்நாட்டு ராக் இசைக்குழு ஒன்று, சிறிது காலம் சோர்ந்திருந்து, பிறகு நல்லதோர் இசைத்தட்டை வெளியிட்டால், 'பழைய நிலைக்கு மீண்டுவிட்டார்கள்' என்று விமரிசகர்கள் எழுதுவார்கள்.

பழைய நிலை என்றால் என்ன? முன்பு பாடியதையே திரும்பப் பாடுவதா? அப்படியானால் பழைய தட்டையே மறுபடியும் சுழலவிட்டுக் கேட்டுக்கொள்ளலாமே. புதிய தட்டு எதற்கு? முன்பு பாடியதைப் பாடவில்லையென்றால், எந்த இடத்துக்குத்தான் அவர்கள் திரும்பி வந்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேட, உண்மையில் நடந்த ஒரு வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இங்கிலாந்து நாட்டு 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்னும் இசைக்குழு 1967-ஆம் ஆண்டில் வழி தவறி, 1968-ஆம் ஆண்டில் வழி கண்ட வரலாறு அது.

முதலில் இவர்கள் யார் என்று பார்ப்போம். லண்டனுக்கு அருகில் டார்ட்ஃபோர்டு என்றோர் ஊர் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், அவ்வூர் ரயில் நிலையத்தில் இரண்டு மாணவர்கள் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவர் லண்டனில் பொருளாதாரம் பயின்று வந்த மிக் ஜாகர். மற்றவர் ஓவியக் கல்லூரி மாணவர் கீத் ரிச்சர்ட்ஸ். சிறு வயதில் ஒரே பள்ளியில் படித்துப் பிறகு பிரிந்துபோனவர்கள். ஜாகரின் கையில் சில அமெரிக்க இசைத்தட்டுகள் இருந்தன. சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் அவை. அந்நாளில் இங்கிலாந்தில் அவை எளிதில் கிடைக்கமாட்டா. அந்தத் தட்டுகளைக் கண்டதும் ரிச்சர்ட்ஸின் கண்கள் விரிந்தன. அறுந்துபோன நட்பு அங்கே மீண்டும் தளிர்த்தது.

அவர்களை ஒன்றுசேர்த்த அந்த இசைக்குப் 'புளூஸ்' என்று பெயர். அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே பிறந்த பாட்டு அது. பெரும்பாலும் பன்னிரண்டு அளவுகள் கொண்ட சுற்று; சொன்ன அடியையே இன்னொரு முறை சொல்லி, மூன்றாம் அடியில் விடை இறுக்கும் அமைப்பு; ஒரு கிதார், ஒரு குரல். இவ்வளவுதான் அதன் இலக்கணம். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு கூட்டுக்குள் ஓர் இனத்தின் துயரமும், எள்ளலும், பொறுமையும், சீற்றமும் அடங்கியிருந்தன. மிசிசிப்பி மாநிலத்துப் பண்ணையொன்றில் உழைத்து, 1943-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்துக்குக் குடிபெயர்ந்த மடி வாட்டர்ஸ், அந்தப் பாட்டுக்கு மின்சாரக் கிதாரின் வலிமையைத் தந்தார். 1950-ஆம் ஆண்டில் அவர் பாடிய பாட்டொன்றின் பெயரைத்தான் இந்த இளைஞர்கள் தங்கள் குழுவுக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

குழுவைத் தொடங்கியவர் ஜாகரும் அல்லர், ரிச்சர்ட்ஸும் அல்லர். செல்ட்டனம் என்ற ஊரிலிருந்து வந்த பிரையன் ஜோன்ஸ் என்ற இளைஞர்தான் தொடங்கியவர். விரலில் குழாயொன்றை மாட்டிக்கொண்டு கிதாரின் தந்திமேல் சறுக்கி வாசிக்கும் முறை புளூஸ் இசைக்கு உரியது. கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த இழைவு நன்கு விளங்கும். அந்த வாசிப்பில் இங்கிலாந்திலேயே முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார் ஜோன்ஸ். 1962-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் லண்டன் மார்க்கீ மன்றத்தில் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. பில் வைமன், சார்லி வாட்ஸ் என்ற இருவரும் சில மாதங்களுக்குள் வந்து சேர்ந்தார்கள். 1965-ஆம் ஆண்டில் 'சாடிஸ்ஃபேக்ஷன்' என்ற பாட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. புகழ் வந்தது, பொருள் வந்தது, கூட்டம் வந்தது.

பிறகு வந்தது 1967. அந்த ஆண்டு இவர்களுக்குத் தொல்லை மேல் தொல்லை. போதைப்பொருள் வழக்கில் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் நீதிமன்றத்தில் நின்றார்கள். தனி வழக்கொன்றில் ஜோன்ஸ் கைதானார். ஜூலை இறுதியில், மேல்முறையீட்டில், ரிச்சர்ட்ஸின் தண்டனை நீக்கப்பட்டது. ஜாகருக்கு அளித்த சிறைத்தண்டனையும் கைவிடப்பட்டது. ஆயினும் மன அமைதி சிதைந்துவிட்டது. அதே ஆண்டில்தான் பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜண்ட் பெப்பர்' என்ற தட்டு வெளியாகி உலகத்தை வியப்பில் ஆழ்த்தியது. ஒலிப்பதிவுக் கூடத்தையே ஓர் இசைக்கருவியாக்கி, புதுப்புது ஓசைகளைக் கோத்து அமைத்த தட்டு அது. இசைக்குழுக்கள் எல்லாம் அந்தத் திசையையே நோக்கின. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரும் நோக்கினார்கள்.

அதன் விளைவாக 1967 டிசம்பரில் வெளிவந்ததுதான் 'தெயர் சேட்டானிக் மெஜஸ்டீஸ் ரிக்வெஸ்ட்' என்ற தட்டு. அட்டையைச் சாய்த்துப் பார்த்தால் படம் அசைவதுபோலத் தோன்றும். அவ்வளவு செலவு செய்திருந்தார்கள். உள்ளே, கட்டை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலிநாடாவைப் பொருத்திய மெல்லோட்ரான் என்னும் கருவி, மணிகள், விசித்திரமான முழக்கங்கள், முடிவில்லாத உரையாடல் ஒலிகள்! வழக்கமாகக் கூடத்தில் உடனிருந்த தயாரிப்பாளர் நடுவிலேயே விலகிப்போனார். எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. 'சார்ஜண்ட் பெப்பரின் நிழல்' என்று விமரிசகர்கள் குறைகூறினார்கள். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் பிற்காலத்தில் அந்தத் தட்டைக் குறைத்தே பேசியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தட்டை நான் கேட்குமுன்பே அதைப் பற்றிய ஏளனத்தைப் படித்திருந்தேன். ஆகவே ஏளனத்தோடேயே கேட்கத் தொடங்கினேன். ஆனால் 'ஷீஸ் எ ரெயின்போ' என்ற பாட்டு வந்தபோது என் ஏளனம் தலைகுனிந்தது. அழகான பாட்டு அது. திறமை அவர்களைவிட்டு எங்கும் போய்விடவில்லை. பிறர் அணிந்த உடையைத் தாமும் அணிந்து பார்த்தார்கள். உடையும் விலை உயர்ந்ததுதான். ஆனால் அளவு பொருந்தவில்லை. தோல்விகளுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை என்று நினைக்கிறேன். ஆற்றல் இல்லாமல் தோற்பவர் சிலர். தம் ஆற்றல் எதுவென்று மறந்து தோற்பவர் பலர்.

1968-இன் தொடக்கத்தில் ஜிம்மி மில்லர் என்ற தயாரிப்பாளரை அழைத்துவந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்த அவர், தாமே டிரம் வாசிப்பவர். ஆகவே தாளத்தின் அருமை அறிந்தவர். அவரோடு செய்த முதல் பாட்டு 'ஜம்ப்பின் ஜாக் ஃப்ளாஷ்'. மே மாதத்தில் வெளியாகி இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. அந்தப் பாட்டு பிறந்த கதையை ரிச்சர்ட்ஸ் சொல்லியிருக்கிறார். சசெக்ஸ் மாவட்டத்திலுள்ள அவருடைய வீட்டில், மழை பெய்த ஒரு விடியற்காலையில், சன்னலுக்கு வெளியே கனமான காலடியோசை கேட்டு ஜாகர் திடுக்கிட்டு எழுந்தாராம். அது தோட்டக்காரர் ஜாக்கின் நடை என்று ரிச்சர்ட்ஸ் விளக்க, அந்தப் பெயரிலிருந்தே பாட்டு துளிர்த்ததாம். ஓராண்டுக்கு முன்பு விண்வெளியைத் தேடிச் சென்ற கற்பனை, இப்போது சேற்றில் நடக்கும் காலணியின் ஓசையைக் கேட்கத் தொடங்கிவிட்டது.

அந்நாளில் ரிச்சர்ட்ஸ் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். பிலிப்ஸ் நிறுவனத்தின் சிறிய காசெட் ஒலிப்பதிவுக் கருவி அப்போது புதிதாக வந்திருந்தது; வீட்டில் வைத்துக்கொள்ளும் எளிய பொருள். மின்சாரம் இல்லாத சாதாரணக் கிதாரை அதன் ஒலிவாங்கிக்கு மிக நெருக்கமாக வைத்து ஓங்கி வாசித்தார். கருவியால் அந்த ஓசையைத் தாங்க முடியவில்லை. ஒலி கரகரத்து, மின்சாரக் கிதாரைப்போலச் சீறியது. அந்த நாடாவைச் சிறிய ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன் எதிரே கூடத்தின் ஒலிவாங்கியை நிறுத்தி, பெரிய கருவியில் மறுபடியும் பதிந்தார்கள். 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' என்ற பாட்டில் நாம் கேட்கும் முழக்கம் இப்படி எழுந்ததுதான். அதில் மின்சாரக் கருவி என்று சொல்லத்தக்கது கீழ்ச்சுருதிக் கிதார் ஒன்றே. சார்லி வாட்ஸும் தம் பெரிய டிரம்களை ஒதுக்கிவிட்டு, பெட்டியில் மடித்து எடுத்துச் செல்லும் சிறியதொரு பயிற்சிக் கருவியை வாசித்தார். கோடி ஓசைகளைக் கையாண்டபோது கிட்டாத வலிமை, கைக்கடக்கமான இரண்டு எளிய பொருள்களில் கிட்டிவிட்டது.

இதைக் கேட்டவுடன், புதுமையை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு அவர்கள் பழமைக்கு ஓடிவிட்டார்கள் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. அதே பாட்டில் ஷெனாய் ஒலிக்கிறது. தம்பூராவின் சுருதியும் சிதாரும் ஒலிக்கின்றன. 'ஃபாக்டரி கேர்ள்' என்ற இன்னொரு பாட்டில் சார்லி வாட்ஸ் தபலாவைக் குச்சியால் தட்டி வாசிக்கிறார். நம் நாட்டுக் கலைஞர்கள் அதைக் கண்டால் புன்னகை செய்யக்கூடும். ஆனால் காதுக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது. முந்திய தட்டில் கருவிகள் பாட்டின்மேல் ஏறி அமர்ந்திருந்தன; இந்தத் தட்டில் அவை பாட்டுக்கு ஏவல் செய்தன. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அதுவே எல்லாம்.

இந்தப் புதிய தட்டின் பெயர் 'பெகர்ஸ் பாங்க்வெட்' - தமிழில் 'இரவலர் விருந்து' என்று சொல்லலாம். 1968 மார்ச்சு முதல் ஜூலை வரை, லண்டனில் பார்ன்ஸ் பகுதியிலிருந்த ஒலிம்பிக் கூடத்தில் பெரும்பாலும் உருவாயிற்று. அதன் உழைப்புக்குக் கண்கண்ட சான்று ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ழான் லுக் கோதார் அந்த ஜூன் மாதத்தில் கூடத்துக்குள் படக்கருவியோடு புகுந்தார். 'சிம்பதி ஃபார் தி டெவில்' என்ற பாட்டு உருப்பெறுவதை அவருடைய 'ஒன் பிளஸ் ஒன்' என்ற படத்தில் காணலாம். மெதுவாக, கிராமியப் பாட்டைப்போலத் தொடங்குகிறது அது. சரியாக இல்லை. தாளத்தை மாற்றுகிறார்கள், சரியாக இல்லை. கருவியை மாற்றுகிறார்கள், இன்னும் சரியாக இல்லை. சிகரெட்டுப் புகைக்கும் சலிப்புக்கும் நடுவே, திரும்பத் திரும்பத் தொடங்கி, கடைசியில் பிரேசில் நாட்டுச் சாம்பாத் தாளத்தின் நடை வந்து பொருந்துகிறது. பாட்டு எழுந்து நிற்கிறது. அந்த நாள்களில்தான் அமெரிக்காவில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டு இறந்தார். அண்ணன் கொலையுண்டதைக் குறித்த அடியில் ஒருமையாக இருந்த கென்னடி என்ற பெயர் பன்மையாக மாற்றப்பட்டது. பாட்டு தன் காலத்தோடு சேர்ந்து மூச்சுவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தட்டிலுள்ள 10 பாட்டுகளில் ஒன்பது ஜாகரும் ரிச்சர்ட்ஸும் இயற்றியவை. எஞ்சிய ஒன்றுதான் என் சிந்தனையை நெடுநேரம் பிடித்து நிறுத்தியது. அதன் பெயர் 'பிராடிகல் சன்' - விவிலியத்தில் லூக்கா எழுதிய நற்செய்தியில் வரும் ஊதாரி மைந்தன் கதை. தந்தையிடம் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு தொலைநாடு சென்று, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பசியால் அறிவு தெளிந்து வீடு திரும்பிய மகனின் கதை. வழி தவறிய குழு வழிக்கு வந்தபோது பாடிய பாட்டு இது என்றால், எவ்வளவு பொருத்தம்!

ஆனால் அந்தப் பாட்டு அவர்களுடையது அன்று. ராபர்ட் வில்கின்ஸ் என்ற கறுப்பினக் கலைஞருடையது. மிசிசிப்பி மாநிலத்தில் 1896-இல் பிறந்த அவர், 1929-ஆம் ஆண்டில் அந்த மெட்டை வேறு சொற்களோடு பாடிப் பதிவு செய்தார். பிறகு புளூஸ் பாடுவதையே விட்டுவிட்டுச் சமயத் தொண்டில் இறங்கிப் போதகரானார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1964-இல், பழைய மெட்டுக்கு விவிலியக் கதையைச் சொல்லாக்கி மறுபடியும் பாடினார். அந்தப் பாட்டைத்தான் இந்தக் குழு எடுத்துக்கொண்டது. அப்படியிருந்தும், தட்டு முதன்முதலாக அச்சாகி வந்தபோது, அதனையும் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் இயற்றியதாகவே குறித்திருந்தார்கள். பின்னரே வில்கின்ஸின் பெயர் இடம்பெற்றது.

இந்தப் பிழையைச் சிறியதென்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. 'வீடு திரும்பினார்கள்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வீட்டைக் கட்டியவர் யார்? மிசிசிப்பியிலும் மெம்ஃபிஸிலும் சிகாகோவிலும் பாடி, தம் காலத்தில் உரிய பொருளும் புகழும் பெறாமலே மறைந்த எத்தனையோ பேர். அவர்கள் கட்டிய வீட்டில் விருந்தினராக நுழைந்தவர்கள்தாம் இந்த ஆங்கிலேய இளைஞர்கள். விருந்தினர் வீட்டுக்காரரை மறக்கலாமா? ஒன்றையும் இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். 1965-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் பாட அழைத்தபோது, ஹௌலின் உல்ஃப் என்ற புளூஸ் பெரியவரையும் மேடையேற்ற வேண்டும் என்று இதே குழுவினர் வற்புறுத்தினார்கள். அவர் பாட, இவர்கள் அவர் காலடியில் அமர்ந்து கேட்டார்கள். கடனை ஒப்புக்கொள்ளும் பண்பும், கடனை மறக்கும் அசதியும் ஒரே மனிதர்களிடம் இருக்கக் காண்கிறோம். நம்மிடமும் அவை இரண்டும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

தட்டு முடிந்தபிறகும் உடனே வெளியாகவில்லை. கழிவறைச் சுவர்க் கிறுக்கல்களைப் படமெடுத்து அட்டையாக்க வேண்டும் என்றார்கள் குழுவினர். ஒலித்தட்டு நிறுவனத்தார் மறுத்துவிட்டனர். மாதங்கள் கழிந்தன. இறுதியில் குழுவினரே இணங்கி, விருந்து அழைப்பிதழைப் போன்ற வெறும் வெளிர்நிற அட்டையோடு 1968 டிசம்பர் 6-ஆம் நாள் தட்டு வெளிவந்தது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் பீட்டில்ஸ் குழுவினரின் வெள்ளை அட்டைத் தட்டு வெளியாகியிருந்தது. 'மறுபடியும் பின்பற்றிவிட்டார்கள்' என்ற பேச்சு எழுந்தது. ஆனால் இம்முறை அந்தக் குற்றச்சாட்டு அட்டையோடு நின்றுவிட்டது, உள்ளே செல்லவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். விற்பனைப் பட்டியலில் இங்கிலாந்தில் இரண்டு தட்டுகளும் 3-ஆம் இடமே பெற்றன. அமெரிக்காவில், பழிக்கப்பட்ட தட்டு 2-ஆம் இடம்; போற்றப்பட்ட தட்டு 5-ஆம் இடம். விற்பனைக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால், தாங்கள் வழி தவறியதே அவர்களுக்குத் தெரிந்திராது.

மீட்சிக் கதைகளில் நாம் வழக்கமாகச் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. எல்லாரும் மீள்வதில்லை. குழுவைத் தொடங்கிய பிரையன் ஜோன்ஸ் இந்தத் தட்டின் காலத்தில் போதைப் பழக்கத்தாலும் மனச்சோர்வாலும் நலிந்திருந்தார். கோதாரின் படத்தில், தடுப்புக்குப் பின்னே தனியே அமர்ந்து, யாரும் கேளாத கிதாரை அவர் மீட்டிக்கொண்டிருக்கக் காண்கிறோம். ஆயினும் 'நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்ற பாட்டில் அவருடைய பழைய கை விழித்துக்கொள்கிறது. தந்திமேல் சறுக்கி இழையும் அந்த வாசிப்பு, விடைபெறுகிறவர் குரல்போல மெல்ல ஒலிக்கிறது. 1969 ஜூன் மாதத்தில் அவர் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். ஜூலை 3-ஆம் நாள் தம் வீட்டு நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். வயது 27. புளூஸ் என்னும் வீட்டுக்கு நண்பர்களை முதலில் அழைத்துச் சென்றவர், அவர்கள் மீண்டும் அங்கே வந்து சேர்ந்தபோது உடன் தங்க இயலாமல் போய்விட்டார்.

மற்றவர்கள் நடந்தார்கள். அதே ஜிம்மி மில்லரோடு 1969, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட தட்டுகளை ராக் இசையின் சிறந்த படைப்புகளுள் வைத்து எண்ணுகிறார்கள். பிறகும் பலமுறை அவர்கள் தளர்ந்தார்கள். பலமுறை 'மீண்டார்கள்' என்று எழுதப்பட்டது. 2016-ஆம் ஆண்டில் புளூஸ் பாட்டுகளை மட்டுமே கொண்ட தட்டொன்றை வெளியிட்டார்கள்; அதன் ஒலிப்பதிவு மூன்றே நாளில் முடிந்தது. 2021-இல் சார்லி வாட்ஸ் மறைந்தார். 2023-இல், எண்பது வயதை ஒட்டிய ஜாகரும் ரிச்சர்ட்ஸும், பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தம் புதிய பாட்டுகள் கொண்ட 'ஹாக்னி டயமண்ட்ஸ்' என்ற தட்டை வெளியிட்டார்கள். அதன் கடைசிப் பாட்டு எது தெரியுமா? மடி வாட்டர்ஸின் பாட்டு. அவர்கள் குழுவுக்குப் பெயர் தந்த அதே பாட்டு. அறுபது ஆண்டுகளாகப் பெயரைச் சுமந்தவர்கள், அந்தப் பாட்டைத் தங்கள் தட்டில் பதிய இவ்வளவு காலம் ஆயிற்று.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது வருகிறேன். 'பெகர்ஸ் பாங்க்வெட்' பழைய தட்டு எதனுடைய நகலும் அன்று. 1964-இல் அவர்கள் அதைச் செய்திருக்க முடியாது. தவறிய வழியில் கற்ற பாடமும் அதில் கலந்திருக்கிறது. நிலைக்குத் திரும்புதல் என்பது நேற்றுச் செய்ததை இன்றும் செய்வதன்று. எதன்மேல் கொண்ட அன்பினால் முதன்முதலில் இந்தத் தொழிலில் இறங்கினோமோ, அந்த அன்பை நினைவுகூர்ந்து, அதற்கு உரிய உழைப்பைப் புதிதாகத் தொடங்குவதே திரும்புதல். அந்த அன்பை நமக்குக் கற்றுத்தந்தவர்களின் பெயரைச் சரியாக எழுதுவதும் அதில் ஒரு பகுதி.

ரயில் நிலையத்தில் நின்ற மாணவன் கையில் இருந்தவை பிறர் பாடிய சில தட்டுகள் மட்டுமே. ஏழாண்டு கழித்து வழி தெரியாமல் நின்றபோது, அந்தத் தட்டுகளே அவனுக்கு வழி சொல்லின. உங்களுக்கும் அப்படி ஏதேனும் ஒன்று இருக்கும். ஒரு நூலாகவோ, ஓர் ஆசிரியரின் சொல்லாகவோ, சிறு வயதில் கேட்ட பாட்டாகவோ இருக்கும். அதை எங்கே வைத்தோம் என்று மட்டும் மறந்துவிடாதீர்கள்.